20 சதவீத ஊனம் என்று எழுதினால் ஓய்வூதியம் எவ்வளவு கூடும்?

தொண்டியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: தரைப்படையில் பணிக்காலம் முடித்து 2019-ல் ஊர் திரும்பிய அப்பாவுக்குக் காது கேட்பதில் 20 சதவீதக் குறைபாடு என்று மருத்துவக் குழு எழுதியிருக்கிறது, இதனால் பயன் உண்டா?

உண்டு தங்கச்சி, நிறையவே உண்டு. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாக ஓய்வூதியத்தோடு சேரும். சம்பளம் 40,000 என்றால் 12,000. அந்தக் கணக்கில் 20 சதவீதத்துக்கு 2,400தான் வரும். ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேலே 100 ஆகவும் எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. அப்படியானால் 6,000. பணிக்காலம் முடித்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவே 19 என்று இருந்திருந்தால் எதுவும் கிடைக்காது.

சரி, சதவீதத்தை விட முக்கியமான ஒரு வரி இருக்கிறது: குறைபாடு படைப்பணியால் வந்ததா, பணியால் கூடியதா? 'இல்லை' என்றிருந்தால் 60 சதவீதம் போட்டிருந்தாலும் ஊனப் பகுதி மறுக்கப்படும். தேவிபட்டினத்தில் என் சித்தப்பாவின் காகிதத்தில், உப்புக்காற்றில் துருவேறிய பின்னின் கறை சரியாக அந்த வரியில்தான் படிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தோம்.

மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், அப்புறம் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. முதலில் ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துப் போங்கள், மருத்துவக் குழு அறிக்கையின் நகலோடு.