சம்பளச் சீட்டில் கிடக்கும் 139 ரூபாய்

கேள்வி: தாராவியில் அம்மா, மனைவியோடு இருக்கிறேன். அந்தேரி கம்பெனியில் சம்பளம் 18,500. அம்மாவுக்குச் சர்க்கரைப் புண் வந்தபோது, பக்கத்து நர்சிங் ஹோம் செலவுக்கு 100-க்கு 5 வட்டியில் 60,000 வாங்கினேன். பதினொரு மாதமாக வட்டி மட்டும் போகிறது. இப்போது கண்புரை ஆபரேஷனுக்கு 40,000 கேட்கிறார்கள். "அக்காவை கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் தள்ளாதே, அதே ஆளிடம் வாங்கு" என்கிறார் மாமா. அம்மாவின் செயினைத் தொட மனசில்லை. செல்போனில் மாதம் 900 ரூபாய்க்கு ஹெல்த் பாலிசி வருகிறது, எடுக்கலாமா?

பதில்: தம்பி, அந்த 900 ரூபாயை விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். இந்தக் கண்ணுக்கு ஒரு பைசா வராது.

வட்டிக்கு இதுவரை 33,000 கொடுத்துவிட்டீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. இன்னும் 40,000 வாங்கினால் மாத வட்டி 5,000. மாமா தன் பங்குக்கு எவ்வளவு தருகிறார் என்று கடிதத்தில் காணோம்.

சம்பளச் சீட்டைப் பாருங்கள். 21,000-க்குள் சம்பளம் என்பதால் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், சுமார் 139 ரூபாய், பிடித்திருப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம், ஏறக்குறைய 600, போடுகிறார். அம்மாவின் வருமானம் மாதம் 9,000-க்குள் என்றால் அவருக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. பெயரைச் சேர்க்க நாளைக்கே எச்.ஆரிடம் சொல்லுங்கள். பிடித்தமே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

வரிசை நீளம்தான், எனக்கும் தெரியும். மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்பார்கள். ஒரு நாள் லீவு போட்டால் 700 ரூபாய் போச்சு. இலவச வைத்தியத்துக்குக் கூலிக்காரர் கட்டும் ஃபீஸ் இதுதான், இதை எந்த போர்டிலும் எழுதுவதில்லை. ஆனாலும் நாலு நாள் அலைந்தால் 2,800. உங்கள் ஒரு மாத வட்டியைவிடக் குறைவு.

அங்கே சரிவரவில்லையா, பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார்தான் என்று மாமா பிடிவாதம் பிடித்தால் இதைச் சொல்லுங்கள்: மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் நூற்றுக்குப் பத்துப் படுக்கையை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்தை வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். 2006 முதல் பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி உள்ள திட்டம். ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு போங்கள். கவுன்டரில் கையை விரித்தால் அங்குள்ள சோஷியல் ஒர்க்கரைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் அந்தச் செயின். பேங்கில் அடகு வைத்து 60,000 கடனை அடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 500-தான். இப்போது கட்டும் 3,000-ஐ அங்கே கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் செயின் வீட்டுக்கு வந்துவிடும். கடன்காரரிடம் வெற்றுச் செக் ஏதாவது கொடுத்திருந்தால், பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.