முகவரியை மாற்றியும் பழைய எண்ணிலேயே நிற்கும் மாட்யூல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): எங்கள் அரிசி மில்லில் ட்ரையர் வெப்பநிலையைப் பார்க்க இரண்டு ஆர்டிடி (வெப்பநிலை சென்சார்) மாட்யூல்கள், ஆர்எஸ்-485 கம்பி லைனில் மோட்பஸ் என்ற தகவல் முறையில், பிஎல்சியோடு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒழுங்காக ஓடின. இப்போது நான்கு புதிதாகச் சேர்த்தோம். ஓட்டத்தை நிறுத்தாமலே டிப் சுவிட்சில் (மாட்யூலில் உள்ள குட்டி சுவிட்ச் வரிசை) முகவரி, அதாவது ஒவ்வொன்றையும் கூப்பிடும் எண், வைத்தோம். அன்று முதல் பழையதும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, லைன் வேகத்தை 9600-இலிருந்து 2400 (விநாடிக்கு இத்தனை பிட்) ஆக்கச் சொல்கிறார். பிசான நெல் வருமுன் சரியாக வேண்டும்.

பதில்: வேகத்தைத் தொட வேண்டாம். 9600-இல் இந்த லைன் 1200 மீட்டர் வரை தாங்கும். மில்லுக்குள் ஓடும் கேபிள் அதற்குப் பக்கத்தில்கூட வராது. வேகத்தை மாற்றப் போனால் ஆறு மாட்யூலிலும் பிஎல்சியிலும் மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தால் புதுத் தலைவலி.

‘நிறுத்தாமலே வைத்தோம்’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கும். பெரும்பாலான மாட்யூல்கள் டிப் சுவிட்சைச் சப்ளை வரும்போது மட்டுமே படிக்கும். ஆகவே புதிய நான்கும் இன்னும் கம்பெனி வைத்த எண்ணிலேயே, அனேகமாக 1-இலேயே, நிற்கின்றன. பிஎல்சி 1-ஐக் கூப்பிட்டால் ஐந்து பேர் ஒன்றாகப் பேசுவார்கள்; சிஆர்சி பிழைதான் (தகவல் சிதைந்தது என்று காட்டும் பிழை) மிஞ்சும்.

நான்கையும் லைனிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, 24 வோல்ட்டை அணைத்து, சுவிட்ச் வைத்து, மறுபடி கொடுத்து, யுஎஸ்பி-485 கன்வெர்ட்டர் வழியே லேப்டாப்பில் தனியாகப் படித்துப் பாருங்கள். சுவிட்சுகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16 என்று போகும். முகவரி 5 வேண்டுமானால் முதலாவதும் மூன்றாவதும் மேலே. ஐந்தாவதை மட்டும் தூக்கினால் கிடைப்பது 16. இந்தத் தவறு எங்கும் நடக்கிறது. பேரிட்டியையும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) பாருங்கள். மோட்பஸ் விதிப்படி ஈவன் (இரட்டை) பேரிட்டிதான் இயல்பு, ஆனால் கடையில் வரும் மாட்யூல்கள் பலவும் பேரிட்டி இல்லாமலே வருகின்றன. அது பொருந்தாவிட்டால் அந்த மாட்யூல் வாயே திறக்காது.

அடுத்து டெர்மினேஷன், அதாவது லைனின் கோடிகளில் போடும் ரெசிஸ்டர். பல மாடல்களில் அதுவும் அதே டிப் சுவிட்ச் வரிசையில்தான் இருக்கும். முகவரி வைக்கும் கை அதையும் தூக்கிவிடும். எல்லாச் சப்ளையையும் அணைத்து, லைனின் ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். சுமார் 60 ஓம் வந்தால் சரி: இரு கோடியிலும் 120 ஓம் ஒவ்வொன்று. 120 காட்டினால் ஒரு முனையில் இல்லை. 20 காட்டினால் ஆறிலும் போட்டிருக்கிறீர்கள்.

கேபிள் மாட்யூலுக்கு மாட்யூல் தொட்டுத் தொட்டுப் போகட்டும்; ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஆறாகக் கிளை பிரிக்காதீர்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போடவும் வேண்டாம். குறுக்கே வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நேர்க்கோணத்தில் வெட்டுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும்.

கேள்வி (பணகுடி): காற்றாலை கியர்பாக்ஸ் எண்ணெய் 62 டிகிரி இருக்கிறது. மாட்யூலின் 40011 ரெஜிஸ்டரில் (மதிப்பு வைக்கும் இடம்) ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) படித்தால் பூஜ்யம் வருகிறது. சென்சார் போச்சா?

பதில்: சென்சாரைக் கழற்றாதீர்கள். ஒரு ஃப்ளோட் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து இருக்கும்; 40011-ஐயும் 40012-ஐயும் ஃப்ளோட்டாக இல்லாமல் வெறும் முழு எண்ணாகப் படியுங்கள். 62.0 என்பது முதலில் 17016, அடுத்து 0 என்று இருக்கும். உங்கள் பிஎல்சி இவற்றை இடம் மாற்றிச் சேர்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்தான் வரும். ‘வேர்ட் ஸ்வாப்’ (இரண்டையும் இடம் மாற்றுவது) தேர்வை மாற்றினால் சரியாகும். முதலிலேயே 0 வந்தால் ஒரு இடம் தள்ளிப் படிக்கிறீர்களா என்று பாருங்கள்: சில மென்பொருளில் 40011-க்கு 10 என்று கொடுக்க வேண்டும், சிலதில் 11. மேனுவலில் எண் 3-இல் தொடங்கினால் ஃபங்ஷன் கோடு (மாட்யூலுக்கு அனுப்பும் கட்டளை எண்) 03 அல்ல, 04.