உதட்டிதழின் நுண்வரிகளைக் கொண்டு ஆர்க்கிட் சிற்றினங்களைப் பிரிக்கலாமா?

கேள்வி: பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு காட்டு ஆர்க்கிட் செடிகளின் காய்ந்த பூக்களை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றின் உதட்டிதழில் (மற்ற இதழ்களிலிருந்து மாறுபட்டு உதடு போல இருக்கும் இதழ்) நுண்வரிகள் தெரிகின்றன, மற்றதில் இல்லை. இவற்றை வெவ்வேறு சிற்றினங்களாகக் கொள்ளலாமா?

பதில்: காய்ந்த பூவில் கண்ட வரிகளைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பல ஆர்க்கிட் பேரினங்களில் உதட்டிதழின் மேற்தோல் செல்கள் கூம்பு போலவோ விரல் நுனி போலவோ எழுந்து நிற்கும். நீர் வற்றும்போது அவை காற்றுப்போன பலூனாகச் சுருங்கிச் சாய்ந்துவிடுவதால், அந்தச் சுருக்கங்களே கியூட்டிகிள் என்னும், செல்களை மேலே மூடிய மெழுகுத்தன்மையுள்ள படலத்தின் இயல்பான வரிகளைப் போலத் தோன்றிவிடும். இயல்பான வரிகள் பக்கத்துப் பக்கத்துச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும். சுருக்கங்களோ செல்லுக்குச் செல் தாறுமாறாக ஓடும்.

ஆகவே, புதிதாக மலர்ந்த பூவைப் பறித்தவுடன் 70 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைக்குமானால், எத்தனாலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி நீரை அகற்றிவிட்டு, திரவ கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு மாறுநிலை உலர்த்தல் செய்து, பொன்பூச்சு ஏற்றிப் பார்ப்பதே முறை. உரிய அழுத்தத்தில் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸைக் கடக்கையில் திரவம், வாயு என்ற எல்லையே மறைந்துவிடுவதால், பரப்பு இழுவிசை செல்களை நசுக்க வழியில்லை.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். ஒரே உதட்டிதழில் அடி, நடு, விளிம்பு என இடத்துக்கு இடம் செல்கள் மாறும். ஓப்ரிஸ் ஸ்பெகுலம் என்ற ஆர்க்கிட்டின் உதட்டிதழ் நடுவிலுள்ள நீலப் பளபளப்பில் தட்டையான, வழவழப்பான செல்களும், விளிம்பில் அடர்ந்த நீண்ட தூவிகளும் உள்ளன; நடுப்பகுதியை இன்னொரு பூவின் விளிம்போடு ஒப்பிட்டால், ஒரே செடியையே இரண்டு சிற்றினங்களாக்கிவிடுவீர்கள். பூவின் வயது, உதட்டிதழில் பார்க்கும் புள்ளி, உருப்பெருக்கம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும்; ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஐந்து செடிகளையாவது பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் வேறுபாடு நிலைத்தால், நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க அது நல்ல துணைச்சான்று. உறவுமுறையைத் தீர்மானிக்க மட்டும் அதை நம்பாதீர்கள். தொலைவான உறவினவும் ஒரே மாதிரிப் பூச்சியைக் கவர ஒத்த பரப்பைப் பெற்றுவிடக்கூடும். மகரந்தத் திரளின் அமைப்பும் டிஎன்ஏ வரிசையும் உடன் சேர வேண்டும்.

இதற்குச் செடியைப் பெயர்க்க வேண்டியதில்லை, செடிக்கு ஒரு பூ போதும். வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் முன்கூட்டியே விசாரியுங்கள்: ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், எத்தனாலில் கிடக்கும் ஒற்றைக் காட்டுப் பூவுக்கும் பொதுவாக அனுமதிச் சீட்டு தேவைப்படும்.