அப்பாவின் சேமலாப நிதியும் தம்பியின் வேலையும்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொழும்புக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் தையல் இயந்திர மெக்கானிக்காக இருந்த தம்பியை, ஓடர் குறைந்துவிட்டதென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவோ அறுபது வயதாகித் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அவருக்கு வரப்போகும் பணத்தில் 9 இலட்சம் ரூபாவைக் கொடுத்தால், தம்பியை முதலில் விசிட் விசாவில் ருமேனியாவுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். “உலகமே நெருக்கடியில் இருக்கும் இந்த நேரத்தில்தான் வாய்ப்பு இருக்கிறது, நம்பிக்கையோடு துணிந்து இறங்குங்கள் என்கிறார். கொடுக்கலாமா?” என்று கேட்கிறார் சகோதரி.

கொடுக்க வேண்டாம். அந்தத் தரகர் சொல்வதில் பாதி உண்மை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். கெட்ட காலத்திலும் வாய்ப்பு பிறக்கும் என்பதை நம் மலைநாடே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1869இல் வந்த இலை நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியதும், துரைமார் பலர் ஒரே நேரத்தில், பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்துக்குப் பாய்ந்தார்கள். எல்லோரும் அதையே நட்டதால் அதன் விலை சரிந்தது. கடைசியில் நிலைத்தது, ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் சிறிய அளவில் நட்டுப் பழகியிருந்த தேயிலைதான். இன்று ஊரெல்லாம் ஒரே நாட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லும்போது எனக்குச் சிங்கோனாதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி அறிவித்து, ஓகஸ்ட் அளவில் அதை 20 சதவீதத்துக்குக் குறைத்தது. அங்கே ஒருவர் சட்டை வாங்குவதைத் தள்ளிப்போட்டால் இங்கே ஒரு தையல் வரிசை நின்றுவிடும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இதில் உங்கள் தம்பியின் குறை எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று அவரிடம் கேளுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் ஏதுமில்லாத ஒருவரை அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் தெரிந்துதான் சில இடங்களில் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முறைப்பாடு செய்ய ஆறு மாதம்தான் கெடு என்பதால் இந்த வாரமே தொழில் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகள் முடித்தவர் என்பதால் பணிக்கொடையும் அவருக்கு உண்டு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அது வரும். ஊழியர் சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதில்தான் எடுக்கலாம். ஆனால் முதலாளி மாதந்தோறும் 3 சதவீதம் கட்டிய ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை நின்றதும் எடுக்கலாம், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்பது மட்டுமே கட்டுப்பாடு. கையில் கருவி வாங்க அதுவே போதுமாக இருக்கலாம். அப்பாவின் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

தம்பியின் கையில் இருக்கும் தொழில் சாதாரணமானதல்ல. உங்கள் லயத்திலேயே எத்தனை வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, அதில் எத்தனை பழுதாகித் துணி போர்த்திக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கும் இயந்திரமும் புல் வெட்டும் இயந்திரமும் பழுதானால், அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது. காசு இல்லாத காலத்தில் மக்கள் புதிது வாங்குவதை நிறுத்திப் பழையதைத் திருத்துவார்கள். நெருக்கடியிலும் கூலி கிடைக்கும் வேலை இதுதான். கூடவே, பல ஆண்டு அனுபவத்தை வைத்தே செய்முறைத் தேர்வு செய்து காட்டி என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டால், நாளை வெளிநாடு போனாலும் எடுபிடியாகப் போகாமல் தொழிலாளியாகப் போகலாம்.

வெளிநாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. விசிட் விசாவில் வேலைக்குப் போவது சட்டவிரோதம், அங்கே அகப்பட்டால் மாட்டிக்கொள்பவர் உங்கள் தம்பிதான். உரிமம் பெற்ற முகவர் என்றால் அவருடைய உரிம இலக்கமும் அந்த வேலைக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த அனுமதி இலக்கமும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு 1989க்கு அழைத்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டு தர முடியாது என்பவரிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பலரும் தவறாக விளங்கிக்கொள்வதால் விரித்துச் சொல்கிறேன். உங்கள் மாமாவோ மச்சானோ அந்த நாட்டிலேயே வேலை செய்து, தன் முதலாளியிடம் பேசி வேலை எடுத்துக் கொடுத்தால் முகவரே தேவையில்லை. தொழில் ஒப்பந்தம், வேலை விசா, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோய் நீங்களே பணியகத்தில் பதிவு செய்யலாம். நாட்டைப் பொறுத்து அந்த ஒப்பந்தத்தை அங்குள்ள நமது தூதரகம் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். ஆனால் முகவர் இல்லை என்பதால் பதிவும் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பதியாமல் போனவருக்குக் காப்புறுதி இல்லை, அங்கே ஏதாவது நேர்ந்தால் குடும்பம் கேட்டு நிற்க இடமும் இல்லை. “எனக்கு அங்கே மச்சான் இருக்கிறான்” என்று வாயால் சொல்லும் தரகரின் பேச்சு இந்த விதிவிலக்குக்குள் வராது. உங்கள் மச்சானாக இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் உங்கள் தம்பியின் பெயர் இருக்க வேண்டும், விசா வேலை விசாவாகவே இங்கிருந்து புறப்படும்போது இருக்க வேண்டும்.

இனி அப்பாவின் பணம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. கோதுமை மா வாங்க முடியாமல் நாம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது தாங்கி நின்ற குடும்பங்கள் கையில் கொஞ்சம் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தவர்கள்தான். ஆகவே அப்பாவின் பணத்தை, மாதம் 8 சதவீதம் தருகிறோம் என்று வருபவர் யாரிடமும் கொடுக்காமல், உரிமம் பெற்ற வங்கியில் நிலையான வைப்பில் இடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது.

அந்தப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே தேநீர்க் கடையில் இன்னொரு தரகர் காத்திருப்பார். சென்ற ஆண்டு ஓர் அரச அலுவலக விறாந்தையில் ஒரு வயதான அம்மாவோடு அமர்ந்திருந்தேன். மடியில் பொலித்தீன் பையில் சுற்றிய பீ கார்டு, அதாவது சேமலாப நிதி உறுப்பினர் அட்டை, அதில் ‘ராமாய்’, அடையாள அட்டையில் ‘இராமாயி’. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர், அது மூன்றாவது பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் காசு. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பெயரை எழுதியவர் கணக்கப்பிள்ளை, அடையாள அட்டையில் எழுதியவர் ஓர் உத்தியோகத்தர். இரண்டிலும் அந்த அம்மாவின் கை படவில்லை, இருந்தும் அலைவது அவர்தான். இதைச் சரிசெய்ய 20,000 ரூபா கேட்ட ஒருவரும் வாசலில் நின்றார். தொழில் அலுவலகத்தில் சேமலாப நிதியைக் கேட்கும் கே படிவம் கொடுக்கத் தரகர் யாரும் தேவையில்லை. பெயர் வேறுபட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியும் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் பெரும்பாலும் கேட்கப்படும். அப்பா வேலையில் இருக்கும்போதே தோட்ட ஒப்பீசில் அந்தக் கடிதத்தை வாங்குவது எளிது. அதனால் இன்று இரவே அவரது பீ கார்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.