அறுக்காமல் சுடுவதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோய் இருக்கிறது. கல்லீரலில் 2.5 செ.மீ. அளவில் ஒரு புற்றுநோய்க் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஊசி வழியாகச் சூடு வைத்து எரித்துவிடலாம் என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டதைத்தான் இப்படிப் பூசி மெழுகுகிறாரோ?

பதில்: இல்லை. கைவிட்டவருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கும்போதுதான் இந்தச் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். அப்பாவின் கட்டி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. சிரோசிஸ் வந்த கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மிச்சம் தாக்குப்பிடிக்குமா என்று டாக்டர் யோசித்திருப்பார்.

ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சூடேற்றுவார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே செல்கள் செத்துவிடும். அதற்காக எக்கச்சக்கமாகச் சூடேற்றுவதும் சரிவராது. ரேடியோ அலை முறையில் 100 டிகிரியைத் தாண்டினால் ஊசியைச் சுற்றிக் கருகி, அந்தக் கரியே மின்சாரத்தை மறித்துவிடும்.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, கட்டி எதை ஒட்டி இருக்கிறது என்பதை. பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால், ஓடுகிற ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த ஓரத்தில் செல்கள் தப்பிக்கலாம். மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு. பித்தக்குழாயோ குடலோ ஒட்டியிருந்தால் அவற்றுக்கே சூடு பட்டுவிடும் ஆபத்து உண்டு.

முடிந்த பிறகு சில நாள் லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, வயிற்று வலி கூடினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேன்தான் பலரைக் கலங்கடிக்கும். ரிப்போர்ட்டில் 4 செ.மீ. என்றுகூட இருக்கலாம். ஐயோ, வளர்ந்துவிட்டதே என்று பதறாதீர்கள். அது சுட்ட இடத்தின் அளவு. கட்டியைச் சுற்றி அரை முதல் ஒரு செ.மீ. வரை நல்ல திசுவையும் வேண்டுமென்றே சேர்த்துத்தான் சுடுவார்கள். அந்த இடத்தில், முக்கியமாக ஓரத்தில், ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றிய சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள். உயிரோடு மிஞ்சிய கட்டிதான் அதை இழுக்கும். எங்கும் ஏறவில்லை என்றால் நல்ல சேதி.

சிரோசிஸ் கல்லீரலில் வேறு இடத்தில் புதுக் கட்டி முளைக்கலாம். அதனால் டாக்டர் சொல்லும் தேதியில் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலும் மறுபடியும் சுட முடியும்.

அப்புறம், அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.