ரஃபியனை வீராங்கனை ஆக்காதீங்க

அன்புள்ள எழுத்தாளருக்கு, ரஃபியன்கற ரேஸ் குதிரையோட பழைய வீடியோ ஒண்ணு பார்த்தேன். தோல்வியே தெரியாத பொண்ணு, ஆண் குதிரையோட மோதி, கால் ஒடிஞ்சும் நிக்காம கடைசி வரை போராடி உயிரை விட்டிருக்கா. அழுதுட்டேன். அந்த ஒரு ரேஸ் நடக்காம இருந்திருந்தா விங்க்ஸ், ஜெனியாட்டா மாதிரி பேர் போன பெண் ரேஸ் குதிரைங்க எல்லாரையும் விட இவதான் பெரியவன்னு சொல்லலாமா?
– ம., திருச்சி

அன்புள்ள ம.,

அம்மாவை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த நாலாவது நாள் உங்க கடிதம் வந்துச்சு. இல்லேன்னா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

யார் பெரியவங்கறதை விடுங்க. விங்க்ஸ் வரிசையா 33 ஜெயிச்சா, ஜெனியாட்டா 20ல 19. வேற வேற காலம், வேற வேற தரை, அதை வச்சு சண்டை போட ஆளுங்க நிறைய இருக்காங்க.

நீங்க உருகினது நியாயம்தான். 1974 மே 22, நியூயார்க் பெல்மான்ட் பார்க்ல முதல் ரேஸ், அஞ்சரை ஃபர்லாங், 15 லெங்த், அதாவது 15 குதிரை நீள வித்தியாசத்துல ஜெயிச்சா, அதுவும் டிராக் ரெக்கார்டுக்குச் சமமான நேரத்துல. ஓடி முடிச்ச 10 ரேஸும் வெற்றி, வழியில நேரம் குறிக்கிற எந்த இடத்துலயும் இன்னொரு குதிரை அவளுக்கு முன்னாடி இருந்ததில்ல. கருப்பா, உயரமா, பக்கத்துல நிக்கிற குதிரையெல்லாம் குட்டி மாதிரி தெரியும்.

ஆனா "கடைசி வரை போராடினா"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்குப் பொறுக்கல.

1975 ஜூலை 6. அந்த வருஷம் அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பியை ஜெயிச்ச ஃபூலிஷ் பிளெஷர்ங்கற ஆண் குதிரைக்கும் இவளுக்கும் தனிப் போட்டி. ஆம்பளையா பொம்பளையான்னு பேசிப் பேசியே ஊரைத் திரட்டினாங்க, 50,000 பேருக்கு மேல வந்தாங்க, கோடிக்கணக்கானவங்க டிவி முன்னாடி. ரெண்டு குதிரைக்குமே வழக்கமான ஜாக்கி, அதாவது மேல உட்கார்ந்து ஓட்டறவர், யாசிந்தோ வாஸ்கெஸ்தான், அவர் இவளைத் தேர்ந்தெடுத்தார். அரை மைல் கூட ஆகல, முன்னங்கால் எலும்பு உடைஞ்சது ரெண்டு ஜாக்கி காதுலயும் விழுந்துச்சு. கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சும் அவ நிக்கல. அதைத்தான் நீங்க வீரம்ங்கறீங்க. வலிச்சா, பயந்தா குதிரைக்குத் தெரிஞ்சது ஓட்டம் ஒண்ணுதான்ங்க! புலிக்குத் தப்பி ஓடியே பிழைச்ச இனம் அது. ஆம்பளையை ஜெயிக்கணும்னு அவ நினைக்கல, அப்படி நினைச்சவங்க கேலரியில உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஸ்பின்அவே ரேஸுக்கு அப்புறமே பின்னங்கால்ல மயிரிழை விரிசல், சீசனே முடிஞ்சு போச்சு. அந்த எலும்பு அப்பவே சொல்லிடுச்சு, கேக்கத்தான் ஆளில்ல.

அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். மயக்கம் தெளியறப்ப படுத்த வாக்குலயே ரேஸ்ல ஓடற மாதிரி காலை வீச ஆரம்பிச்சா. மாவுக்கட்டு போட்ட கால் அவ முழங்கையிலயே மோதி, செஞ்சதெல்லாம் வீணாச்சு. விடியறதுக்குள்ள ஊசி போட்டு முடிச்சிட்டாங்க. மூணு வயசு.

இந்த இடத்தை நான் நேர்ல பார்த்தேன்ங்க. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். மயக்கம் பாதி தெளிஞ்சப்ப ஆபரேஷன் ஆகாத கால் போர்வைக்குள்ள நடந்துட்டே இருந்துச்சு, குதிகால் பெட்ஷீட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு செவந்து போச்சு. "விடுடா, ஆறு பத்து போயிடும்"ன்னு ஒரே கத்தல். முப்பது வருஷம் அந்த பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்குப் போனவங்க. நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடிச்சிருந்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "என்ன மன உறுதி பாரு, இப்பவே எழுந்து நடக்கணும்ங்கறா"ன்னு பூரிச்சுப் போனார். அவரை வெளிய போங்கன்னு சொல்லிட்டேன். அது உறுதியில்ல. ஓட வச்சு ஓட வச்சுப் பழக்கின உடம்பு, மயக்கத்துல கூட நிறுத்தத் தெரியாம தவிக்குது. அதைப் பார்த்துக் கை தட்டற மனசுதான் எனக்கு ஆகவே ஆகாது. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு தெரியும், அதனாலதான் உங்ககிட்ட கோவப்படறேன்.

அழறதுன்னா இதுக்கு அழுங்க: 2006ல பார்பரோன்னு ஒரு டெர்பி குதிரைக்குக் கால் நொறுங்கினப்ப, பென்சில்வேனியாவுல நியூ போல்டன் மருத்துவமனையில ரப்பர் மிதவையில வச்சு, கால் நாலையும் தண்ணியில தொங்க விட்டு மயக்கம் தெளிய வச்சாங்க. எவ்வளவு உதைச்சாலும் தண்ணியைத்தான் உதைக்கும். அதுக்கப்புறம் எட்டு மாசம் அவன் இருந்தான். இவளுக்கு அந்த ராத்திரி தண்ணி இல்ல, தரைதான் இருந்துச்சு.

பெல்மான்ட்லயே, மூக்கு ஃபினிஷ் லைனைப் பார்க்கற மாதிரி அவளைப் புதைச்சாங்க. செத்த பிறகும் ஓடச் சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. 2023ல எடுத்து, அவ பிறந்த கென்டக்கி கிளெய்போர்ன் பண்ணைக்கே கொண்டு போயிட்டாங்க. புல் இருக்கற இடம். நல்லது பண்ணாங்க.

அம்மா இப்ப வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் வர்றாங்க. நேத்து ஆறு பத்தைப் பத்திக் கேட்டேன். "எந்த பஸ்ஸுடா?"ன்னாங்க.