குடும்ப வன்முறை வழக்குகளில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவதுதானே சமூகப் பணியாளரின் முதல் வேலை?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இந்த வேலைக்கு வரப்போகிறவர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவதுதான் முதல் வேலை.

நான் இதைத் தப்புச் செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பதியை எதிரெதிரே உட்கார வைத்து, "என்ன பிரச்சினைன்னு சொல்லுங்கம்மா" என்றேன். அந்த அம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "என் சம்பளத்தை முழுசா வாங்கிக்கிறார்" என்று மட்டும் சொன்னார். கணவர் பொறுமையாகத் தலையாட்டினார், கிளம்பும்போது கும்பிட்டார். ஃபைலில் 'சமரசம்' என்று எழுதினேன். மறுவாரம் அந்த அம்மா கையில் கட்டோடு வந்தார். "வெளியாள் முன்னாடி சொன்னேல்ல" என்று சொல்லிச் சொல்லியே கணவர் அடித்திருக்கிறார். அந்தக் கட்டுக்கு நானும் ஒரு காரணம்.

கவுன்சிலிங்கே கூடாது என்று சொல்லவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் அதற்கு உத்தரவிடலாம். ஆனால் அந்தச் சட்டத்துக்கான 2006 விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: அடித்ததற்கு எதிர்த்தரப்பு எந்த நியாயமும் சொல்லக் கூடாது, அதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். "அவ வாய் பேசினா, அதான் அடிச்சேன்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பாதி நேரம் அதைக் கேட்பதிலேயே போகிறது.

தனியாகப் பேசும்போது என்ன கேட்பது? கழுத்தை நெரித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆபத்து பெரிது. பிரிந்து போகிறேன் என்று சொல்லும் நேரமும் அப்படித்தான்; எப்போது, எப்படிக் கிளம்புவது என்பதை அவரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே தங்க மனைவிக்கு உரிமை உண்டு என்கிறது அதே சட்டத்தின் 17வது பிரிவு. தேவைப்பட்டால் கணவரையே வெளியேறச் சொல்லி 19வது பிரிவில் உத்தரவு வாங்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை) எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

பிள்ளைகளிடமும் பேசுங்கள். "அப்பா பைக் சத்தம் கேட்டா தங்கச்சியைக் கூட்டிட்டு மாடிக்குப் போயிடுவேன்" என்றான் ஒரு பையன். வயது எட்டு. அவன் மேல் ஒரு அடி கூட விழுந்ததில்லை, அதனால் அதுவரை எந்த அறிக்கையிலும் அவன் இல்லை.

பலர் கணவரிடமே திரும்பிப் போவார்கள். கோபப்படாதீர்கள், "இவ்வளவு சொல்லியும் போறீங்களே" என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் அடுத்த முறை நம்மிடம் வரமாட்டார். என் நம்பரை எந்தப் பெயரில் வைத்துக்கொள்வது என்று மட்டும் நான் கேட்பேன். ஒருவர் 'டைலர் அக்கா' என்று வைத்துக்கொண்டு போனார். எட்டு மாதம் கழித்து ஒரு இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். "அக்கா, பையை எடுத்துட்டேன்" என்றார்.